கண்மாய் சர்வே: கான்டூரில் (சம உயரக் கோட்டுப் படத்தில்) கரை துண்டு துண்டாக வருகிறது, கொள்ளளவும் இடிக்கிறது

கண்மாய்க்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் சர்வே முடித்து, டேட்டாவை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூர்வாருவதற்கு முன் கொள்ளளவு எவ்வளவு, வண்டல் எடுத்தபின் எவ்வளவு என்று இரண்டு கணக்கு கொடுக்க வேண்டும். முதல் கணக்கிலேயே வண்டி நிற்கிறது.

விவரம் இதுதான். நீர்ப்பரப்பு சுமார் 40 ஹெக்டேர், கரை நீளம் 1,400 மீட்டர். முழு நீர்மட்டம் 73.50 மீட்டர். கரை உச்சி 75.00, உச்சி அகலம் 3 மீட்டர். கரையை ஒட்டிய உள்வாய் (கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் தரை) மட்டம் 71.00. உள்வாய் முழுக்க 20 மீட்டர் கிரிட்டில் பாயின்ட் எடுத்தோம். கரையில் உச்சியின் நடுவில் 20 மீட்டருக்கு ஒன்று, உள்பக்கக் கரையடியில் 20 மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கமும் அப்படியே. பிரிசம் (அளவைக் கருவிக்கு எதிரே குச்சியில் பிடிக்கும் கண்ணாடி) பிடித்தவர்கள் தனித்தனியாக நடந்ததால் கரையடிப் பாயின்ட்டுகள் உச்சிப் பாயின்ட்டுக்கு நேராக இல்லை, இரண்டு உச்சிப் பாயின்ட்டுக்கு நடுவே விழுந்திருக்கின்றன. கரைக்கு வெளியே வயலிலும் 30 மீட்டர் தூரம் வரை எடுத்திருக்கிறோம். மொத்தம் 1,300 பாயின்ட்டுக்கு மேல்.

சாஃப்ட்வேரில் ஏற்றி சர்ஃபேஸ் (நிலப்பரப்பின் மாடல்) உருவாக்கினால் கரை ஒரே கோடாக வரவில்லை. 20 மீட்டருக்கு ஒரு மேடு, நடுவே பள்ளம், திரும்ப ஒரு மேடு. முழு நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள கன அளவு கேட்டால் 5.95 லட்சம் கன மீட்டர் என்கிறது. 50 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு போட்டுக் கையால் கணக்கிட்டால் 5.1 லட்சம்தான் வருகிறது. மில்லியன் கன அடியில் சொன்னால் ஒன்று 21, இன்னொன்று 18. எதை நம்புவது?

ஆபீஸில் ஒருவர், டின் (புள்ளிகளை முக்கோணங்களாகக் கோக்கும் முறை) வேண்டாம், ஐ.டி.டபிள்யூ.வில் (சுற்றியுள்ள புள்ளிகளைச் சராசரி எடுக்கும் முறை) கிரிட்டாக மாற்று, வழவழவென்று வரும் என்கிறார். இன்னொருவர் எஸ்.ஆர்.டி.எம். (விண்கலத்திலிருந்து எடுத்த உயர டேட்டா) எடுத்து இடைவெளியை நிரப்பு என்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

---

பழைய லெவல்காரன்

தம்பி, விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. இங்கே பாதிப் பேர் "கான்டூர் சரியாக வரவில்லை, உதவவும்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கரை அகலம், பாயின்ட் இடைவெளி எல்லாம் நீங்கள் சொல்லியிருப்பதால் அங்கே நடந்ததை இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

முதலில் கரை. சாஃப்ட்வேரிடம் நீங்கள் கொடுத்தது 1,300 புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, வடக்கு, மட்டம் என்று மூன்று எண். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து முக்கோணம் போடுகிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற மாதிரி, மூன்று புள்ளி கிடைத்தால் அதன்மேல் ஒரே ஒரு தளம்தான் உட்காரும். அதனால்தான் முக்கோணம். உங்கள் 1,300 புள்ளிக்குக் கிட்டத்தட்ட 2,600 முக்கோணம் வந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

எந்த மூன்றைக் கோப்பது என்பதற்கு டெலானே விதி. 1934-இல் ரஷ்யக் கணித அறிஞர் போரிஸ் டெலானே எழுதியது. மனிதர் மலையேறுவதிலும் பெரிய ஆள். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் போட்டால் அதற்குள் வேறு புள்ளி எதுவும் வரக்கூடாது, இதுதான் விதி. இதனால் ஊசி மாதிரி ஒல்லி முக்கோணங்கள் முடிந்தவரை தவிர்க்கப்படும். நல்ல விதிதான். ஆனால் அது மேலிருந்து பார்த்த படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறது. மட்டம் என்கிற எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் கரைக்கு வருவோம். உச்சி அகலம் 3 மீட்டர். உயரம் 4 மீட்டர். உள்சரிவு 1-க்கு 2 என்றால் 8 மீட்டர், வெளிச்சரிவு 1-க்கு 1.5 என்றால் 6 மீட்டர். அடி அகலம் மொத்தம் 17. உச்சியில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 20. அவற்றுக்கு நடுவில், இந்தப் பக்கம் ஒரு கரையடிப் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு கரையடிப் புள்ளி. இந்த நான்கையும் தாளில் அளவாகப் போட்டு, இரண்டு உச்சிப் புள்ளிகளையும் விட்டமாக வைத்து வட்டம் வரையுங்கள். ஆரம் 10. உள்கரையடி மையக்கோட்டிலிருந்து 9.5, வெளிக்கரையடி 7.5. இரண்டுமே வட்டத்துக்குள்! எனவே விதிப்படி உச்சியையும் உச்சியையும் சேர்க்கும் கோடு செல்லாது. உள் அடியையும் வெளி அடியையும் சேர்த்துக் கரைக்குக் குறுக்கே கோடு விழும். அந்தக் கோடு 71-இலிருந்து 71-க்குப் போகிறது. அதாவது 75-இல் இருக்க வேண்டிய கரை அந்த இடத்தில் உள்வாய் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. 20 மீட்டருக்கு ஓர் உடைப்பு. மழை வந்தால் உங்கள் மாடலில் ஒரு சொட்டு நிற்காது.

உச்சியில் 10 மீட்டருக்கு ஒன்று எடுத்திருந்தால் இதே புள்ளிகளோடு கரை தப்பியிருக்கும், அதையும் தாளில் போட்டுப் பாருங்கள். ஆனால் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போவது மருந்து அல்ல. பிரேக்லைன்தான் மருந்து. உச்சிப் புள்ளிகளை வரிசையாகச் சேர்த்து ஒரு கோடு, உள்கரையடிக்கு ஒன்று, வெளிக்கரையடிக்கு ஒன்று. சர்ஃபேஸில் இவற்றைப் பிரேக்லைனாகச் சேர்த்துவிட்டால் எந்த முக்கோணமும் அந்தக் கோட்டைத் தாண்டாது. டேட்டாவில் குறியீடு (code) போட்டிருந்தால், அதாவது கரை உச்சிக்கு ஒன்று, கரையடிக்கு ஒன்று என்று பாயின்ட் குறியீடு அடித்திருந்தால், இது அரைமணி நேர வேலை. எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடு அடித்து வைத்திருந்தால் ஸ்கெட்ச்சைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஸ்கெட்ச் இருக்கிறதுதானே?

அடுத்த முறை உச்சியில் நடுவே ஒரே வரிசை எடுக்காதீர்கள். இரண்டு விளிம்பும் வேண்டும். நடுவில் மட்டும் எடுத்தால் 3 மீட்டர் அகலக் கரை கத்தி முனையாகிவிடும்.

கிரிட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 20 மீட்டர் கிரிட் என்பது நிலத்தைப் பார்க்காமல் நடக்கும் முறை. உள்வாய் சமதளத்துக்கு அது போதும், சொல்லப்போனால் 25 மீட்டரே போதும். ஆனால் நிலம் எங்கே திரும்புகிறதோ, சரிவு எங்கே மாறுகிறதோ, அங்கே புள்ளி வேண்டும். வரத்துக் கால்வாய் உள்ளே நுழையும் இடம், மடைக்கு (பாசன மதகுக்கு) முன்னால் தோண்டிய பள்ளம், கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) அடித்தளம், மண் எடுத்த குழி. இதெல்லாம் கிரிட் கோட்டில் வந்து நிற்காது. பிரிசம் பிடிப்பவர் கண்ணால் பார்த்து நிற்க வேண்டும். நாங்கள் டம்பி லெவலும் ஸ்டாஃபும் (பழைய மட்டக் கருவியும் அளவுகோலும்) வைத்து வேலை பார்த்த காலத்தில் ஒரு புள்ளி எடுக்கவே சிரமம், அதனால் யோசித்து எடுத்தோம். இப்போது பட்டனை அமுக்கினால் புள்ளி. யோசனை குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கன அளவுக்கு அப்புறம் வருகிறேன், அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: சர்ஃபேஸுக்கு வெளி எல்லை போட்டீர்களா?

---

மேப் கிறுக்கன்

லெவல்கார அண்ணன் சொன்ன பிறகு கரையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஐ.டி.டபிள்யூ., எஸ்.ஆர்.டி.எம். இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

ஐ.டி.டபிள்யூ. 1968-இல் டொனால்ட் ஷெப்பர்ட் கொடுத்த முறை. ஓர் இடத்தின் மட்டம் தெரிய வேண்டுமானால் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடு, பக்கத்தில் இருப்பதற்கு அதிக எடை கொடு, தூரத்தில் இருப்பதற்குக் குறைவாகக் கொடு. மழையளவு மாதிரி விஷயத்துக்கு வசதியாக இருக்கும். கரைக்கு ஆகாது. 75-இல் உள்ள உச்சியையும் 71-இல் உள்ள கரையடியையும் சேர்த்துக் கலக்கி 73 என்று ஒன்றைச் சொல்லும். இன்னொரு தொல்லை, சராசரி என்பதால் அளந்த புள்ளிகளில் மிக உயர்ந்ததை விட உயரமாகவோ மிகத் தாழ்ந்ததை விடத் தாழ்வாகவோ எதையும் அது தரவே முடியாது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்ட வட்டமாகக் கான்டூர் வரும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம்.

கிரிகிங் என்று இன்னொருவர் வந்து சொல்லக்கூடும். அது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் செய்த வேலையிலிருந்து பிறந்தது. அருமையான முறை, ஆனால் அதுவும் உங்கள் கரை எங்கே இருக்கிறது என்று தானாக அறியாது.

எஸ்.ஆர்.டி.எம். பற்றிப் பேசவே வேண்டாம். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். உங்கள் கரையின் அடி அகலமே 17. மரம் இருந்தால் மரத்தையும் சேர்த்து அளந்திருக்கும், கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செ.மீ. கணக்கில் எடுத்த சர்வே இடைவெளியை மீட்டர் கணக்கில் தவறும் டேட்டாவால் நிரப்பினால், நிரப்பிய இடம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

---

கண்மாய்க்கரை

அண்ணே, தாளில் வட்டம் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இரண்டு கரையடிப் புள்ளியும் உள்ளே விழுகின்றன. பாயின்ட் குறியீடு அடித்திருந்ததால் மூன்று பிரேக்லைனும் சேர்த்துவிட்டேன். கரை இப்போது முழுசாக நிற்கிறது.

வெளி எல்லை எதுவும் போடவில்லை. சாஃப்ட்வேர் தானாக எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டது. கன அளவு பெரிதாக மாறவில்லை, இன்னும் 5.9-க்கு மேலேயே இருக்கிறது.

---

பழைய லெவல்காரன்

நினைத்தேன். உங்கள் கூடுதல் தண்ணீர் எங்கே நிற்கிறது தெரியுமா? ஆயக்கட்டு வயலில்.

73.50-இல் ஒரு சமதளத்தை விரித்து, அதற்குக் கீழே சர்ஃபேஸ் வரை எவ்வளவு இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர் கேட்டதைச் செய்தது. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் பரப்பு, அதன் மூன்று முனைகளின் ஆழச் சராசரி, இரண்டையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு முக்கோணம் கரைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று அதற்கு என்ன கவலை? வெளியே வயல் மட்டம் 71.50 வாக்கில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், முழு நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே. நீங்கள் 30 மீட்டர் வரை புள்ளி எடுத்திருக்கிறீர்கள். 1,400 பெருக்கல் 30 பெருக்கல் 2, ஆக 84,000 கன மீட்டர். 5.95-இல் அதைக் கழித்துப் பாருங்கள். கையால் போட்ட கணக்குக்கு அருகில் வந்து நிற்கும்.

எனவே கரை உச்சியின் நடுக்கோட்டை ஒரு பக்க எல்லையாக வைத்து, மறுபக்கம் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் நீங்கள் எடுத்த கடைசிப் புள்ளிகளைச் சுற்றி எல்லை வரையுங்கள். அந்த ஓரம் உள்ளே வெளியே வளைந்து வளைந்து இருக்குமே, அங்கே எல்லை இல்லாவிட்டால் வளைவுக்கு வளைவு நீள நீளமாக முக்கோணம் பாய்ந்திருக்கும். அளக்காத மேட்டின்மேல் பாய்ந்த முக்கோணம் வெறும் கற்பனை. எல்லைக்குள் அவை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே வயலில் புள்ளி எடுத்தது வீண் இல்லை. கரையின் வெளிச்சரிவு சரியாக வர அது வேண்டும், மடை வெளிப்பக்க மட்டத்துக்கும் வேண்டும். கொள்ளளவுக் கணக்கில் மட்டும் வெளியே நிறுத்துங்கள்.

இதோடு உள்வாய்க் கான்டூரையும் பார்த்துவிடுங்கள். புழு மாதிரி நெளிந்து நெளிந்து போகிறதா? போகும். அங்கே சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். பிரிசம் குச்சி வண்டலில் 5 செ.மீ. புதைந்தால் கான்டூர் கோடு 50 மீட்டர் தள்ளிப் போய்விடும். 5 செ.மீ.க்கு 50 மீட்டர்! அந்த நெளிவை நிலம் என்று நினைத்து யாரும் பாடுபட வேண்டாம். குச்சிக்கு அடியில் தட்டையாக ஒரு தகடு பிடிக்கச் சொல்லுங்கள், கான்டூர் இடைவெளியை அரை மீட்டராக வையுங்கள். சிலர் ஸ்மூத் பட்டனை அமுக்கிக் கோட்டை அழகாக்கிக் கொடுப்பார்கள். அழகாகும், ஆனால் சரியாகாது. கரைப் பக்கம் ஸ்மூத் செய்தால் பிரேக்லைன் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. சர்ஃபேஸை முப்பரிமாணத்தில் திருப்பி, உயரத்தை மட்டும் பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள். நடுவில் எங்காவது ஒற்றைக் கொப்புளம் மாதிரி தெரிந்தால், பிரிசம் உயரத்தை ஏற்றி இறக்கிவிட்டு டோட்டல் ஸ்டேஷனில் (தூரமும் கோணமும் அளக்கும் கருவியில்) மாற்றாமல் எடுத்த புள்ளி. கொப்புளம் சரியாக 30 செ.மீ. அல்லது 50 செ.மீ. என்று முழு எண்ணாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

---

ஜிபிஎஸ் ஜோதி

ஒன்று கேட்கிறேன். எல்லாப் புள்ளியும் டோட்டல் ஸ்டேஷனா, இல்லை பாதி ஆர்.டி.கே. ரோவரா (ஜி.பி.எஸ். அளவைக் கருவியா)? ஏனென்றால் ரோவர் தருவது நீள்வட்டக் கோளத்தின் மேலிருந்து உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து. தென்னிந்தியாவுக்குக் கீழே இந்தியப் பெருங்கடலில்தான் உலகத்திலேயே ஆழமான ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) பள்ளம் இருக்கிறது, சுமார் 106 மீட்டர் இறக்கம். அதன் சரிவில்தான் தமிழ்நாடும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இங்கே இரண்டு உயரத்துக்கும் 90 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். சமவெளியில் ரோவர் மைனஸில் உயரம் காட்டினால் பயப்பட வேண்டாம், அது சரிதான்.

90 மீட்டர் தவறினால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆபத்து எதில் என்றால், ஜியாய்டு மாடலைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதில். மாடலுக்கும் உள்ளூர் பென்ச் மார்க்குக்கும் (மட்டம் தெரிந்த நிலையான புள்ளிக்கும்) சில டெசிமீட்டர் இடிக்கலாம். கரைமேல் டோட்டல் ஸ்டேஷன், உள்வாயில் ரோவர் என்று பிரித்து எடுத்திருந்தால் அந்த இடிப்பு முழுவதும் கொள்ளளவில் போய் உட்காரும். ரோவரை டி.பி.எம். (தற்காலிக பென்ச் மார்க்) மேலும் மடையின் அடிமட்டத்திலும் வைத்து எடுத்து, டோட்டல் ஸ்டேஷன் மட்டத்தோடு ஒப்பிட்டீர்களா?

---

கண்மாய்க்கரை

முழுக்க டோட்டல் ஸ்டேஷன்தான் அக்கா. கருவேலங்காட்டுக்குள் ரோவர் நிலைத்து நிற்கவில்லை என்று விட்டுவிட்டோம். மட்டம் எல்லாம் கலிங்குச் சுவரில் போட்ட டி.பி.எம்.மிலிருந்து.

எல்லை போட்டுவிட்டேன். 5.11 லட்சம் வந்தது! அப்புறம் கொப்புளம் தேடினேன், இரண்டு இருந்தன, புத்தகத்தில் பிரிசம் உயரம் குறித்து வைத்திருந்ததால் திருத்திவிட்டேன். இரண்டு புள்ளிதான், கணக்கில் பெரிய மாற்றம் இல்லை.

தெற்கு மூலையில் யாரோ மண் எடுத்த குழி ஒன்று இருக்கிறது. 60-க்கு 40 மீட்டர், 2 மீட்டர் ஆழம். கிரிட்டில் அதற்குள் ஐந்தாறு புள்ளிதான் விழுந்திருக்கின்றன, ஓரத்தில் ஒன்றும் இல்லை. போய் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் எடுத்து வரலாமா, இல்லை விட்டுவிடலாமா?

---

மாடிவீட்டு ட்ரோன்

ஆளைக் காட்டுக்குள் அனுப்பாமல் ட்ரோன் பறக்கவிட்டிருக்கலாமே என்று யாராவது கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன், தொழில் அதுதான் என்றாலும். ஃபோட்டோ எடுத்துச் செய்யும் முறையில் கிடைப்பது மேல்பரப்பு. கருவேலம் இருக்கிற இடத்தில் கருவேலத்தின் தலைதான் வரும். ஃபில்டர் போட்டு நீக்கினால் கீழே நிலம் இருக்காது, ஓட்டைதான் இருக்கும். லைடார் (லேசர் கதிரால் அளப்பது) என்றால் இலை இடுக்கில் சில கதிர்கள் தரைக்கு இறங்கும், ஆனால் அடர்ந்த புதருக்குள் அதுவும் திணறும். மரம் வெட்டி, வண்டல் எடுத்த பிறகு வெறும் தரையாக இருக்கும்போது கூப்பிடுங்கள், அப்போது ட்ரோன்தான் ராஜா.

---

பழைய லெவல்காரன்

ட்ரோன் தம்பி நேர்மையான ஆள்.

குழிக்குப் போய் வாருங்கள். 60 பெருக்கல் 40 பெருக்கல் 2, அது 4,800 கன மீட்டர். மொத்தத்தில் ஒரு சதவீதம்தான், விட்டால் கொள்ளளவில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு வண்டல் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு வரும்போது, ஏற்கெனவே இருந்த குழியையும் காண்டிராக்டர் தோண்டியதாகச் சேர்த்துவிடுவார். இரண்டு பிரேக்லைன், மேல்விளிம்பு ஒன்று, அடிவிளிம்பு ஒன்று. 5 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும். 50 மீட்டர் குறுக்குவெட்டில் அந்தக் குழி வழியாக ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு கோடு போயிருக்கும். அதனால் குழியைச் சேர்த்தபின் டின் கணக்கும் குறுக்குவெட்டுக் கணக்கும் கொஞ்சம் விலகினால் டின் பக்கம் நில்லுங்கள்.

போகும்போதே உள்வாயில் பழைய புள்ளிகளுக்கு நடுவே, கிரிட்டில் சேராத இடங்களில் முப்பது புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள். சர்ஃபேஸில் அவற்றைச் சேர்க்காதீர்கள். சர்ஃபேஸ் அந்த இடங்களில் என்ன மட்டம் சொல்கிறது என்று கேட்டு, அளந்த மட்டத்தோடு கழித்துப் பாருங்கள். வித்தியாசம் மேலும் கீழுமாகச் சிதறி இருந்தால் நல்லது. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்து 5 செ.மீ. இருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 40 ஹெக்டேரில் 5 செ.மீ. என்பது 20,000 கன மீட்டர். 3 யூனிட் (300 கன அடி) டிப்பரில் 2,300 லோடுக்கு மேல். தோண்டிய வண்டலை விட அளவையில் விட்ட வண்டல் பெரிதாகிவிடும்.

தூர்வாரிய பிறகு இரண்டாவது சர்வேக்கும் அதே கலிங்கு டி.பி.எம்., அதே எல்லைக்கோடு. ட்ரோனில் எடுத்தாலும் சரி. வேலை நடக்கும்போது ஜே.சி.பி. இடித்துவிட்டால் கலிங்குச் சுவர் புள்ளி போச்சு, அதனால் இப்போதே மடைத் தூணிலும் ஒரு டி.பி.எம். ஏற்றி மட்டத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

---

கண்மாய்க்கரை

போய் வந்துவிட்டேன் அண்ணே. குழியைச் சேர்த்ததும் 5.16 லட்சம். முப்பது செக் புள்ளியில் பெரும்பாலானவை 4 செ.மீ.க்குள், மேலும் கீழுமாகத்தான் சிதறி இருக்கின்றன. வரத்துக் கால்வாய் வாயில் மட்டும் மூன்று புள்ளி 20 செ.மீ.க்கு மேல் இடிக்கின்றன, மூன்றிலும் சர்ஃபேஸ் உயரமாகச் சொல்கிறது.

---

பழைய லெவல்காரன்

கால்வாய்க்கு அடிக்கோடு போடவில்லை, அதுதான். இரண்டு கரையிலும் உள்ள புள்ளிகள் குறுக்கே கைகோத்துக்கொண்டு பள்ளத்தை மூடிவிட்டன. கரையில் நடந்ததன் தலைகீழ். அடியில் ஒரு பிரேக்லைன், இரு விளிம்பிலும் ஒவ்வொன்று, உள்வாயில் கால்வாய் கரைந்து மறையும் இடம் வரை கொண்டுபோய் விடுங்கள். அந்த மூன்று செக் புள்ளிகளையும் கோட்டில் சேர்த்துவிடாமல் புதிதாக எடுங்கள்.